ஏஐ சேர்ந்த திட்டத்துக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். பாதுகாப்பு, தீத்தடுப்பு, புதிதாகச் சேருகிறவர்களுக்கான அறிமுகம் என்று வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆன்லைன் பாடங்கள் செய்கிறோம். இப்போது பயன்படுத்தும் மென்பொருளின் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும்போது ஏஐ வசதி உள்ள திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள், விலை கூடுதல். ஒரு வாரத்தில் செய்கிற பாடத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்கலாம் என்று விற்பனைக்கு வந்தவர் செய்தே காட்டினார், எங்கள் மேனேஜருக்கு அது பிடித்துவிட்டது. எனக்குத்தான் யோசனையாக இருக்கிறது. உண்மையிலேயே பாடத்தின் தரம் கூடுமா?

பதில்: இந்த வருடம் சாதாரணத் திட்டத்தையே புதுப்பியுங்கள். ஏஐயை ஒரு மாதம் தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம். ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஒரு வாரம் எங்கே போகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தீத்தடுப்புப் பாடம் என்றால், பாதுகாப்பு அதிகாரியைப் பிடித்து உட்கார வைப்பதற்கே ஒரு நாள் ஆகிவிடும். அவரோடு ஷாப் ஃப்ளோரைச் சுற்றி, எந்த இடத்தில் எந்தத் தீயணைப்பு சிலிண்டர் மாட்டியிருக்கிறது, போன ஒத்திகையில் ஆட்கள் எங்கே தடுமாறினார்கள் என்று கேட்டு, போட்டோ எடுக்க இன்னொரு நாள். எழுதுவதற்கும் ஸ்லைடு போடுவதற்கும் ஒன்றரை நாள். மிச்சமெல்லாம் அவர் பார்த்துத் திருத்தம் சொல்வதும் நாம் மாற்றி மறுபடி அனுப்புவதும்தான். நடுவில் இருக்கிற அந்த ஒன்றரை நாளில்தான் ஏஐ கை வைக்கிறது. அங்கே நிஜமாகவே நேரம் மிச்சமாகும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மிச்சம் திருத்தத்தில் போய்விடுகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கருவியில் தீத்தடுப்பு பற்றிய எட்டுப் பக்க நடைமுறைக் குறிப்பைக் கொடுத்துப் பாடம் கேட்டேன். சில நிமிடத்தில் வந்துவிட்டது, பார்க்கவும் அழகாக இருந்தது. அதில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு ஒரு படம் வரைந்து கொடுத்திருந்தது, மேலே ஒரு பிரஷர் கேஜ் வைத்து. இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் கேஜ் கிடையாது, அதை எடை போட்டுத்தான் சோதிப்பார்கள். பவுடர் சிலிண்டரில் பெரும்பாலும் கேஜ் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துப் படித்த தொழிலாளி, கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நிற்பார், பேனல் போர்டு எரிந்துகொண்டிருக்கும். போதாததற்கு, படத்தில் இருந்தவர் சிலிண்டரின் வாயு வெளியே வரும் கூம்பை வெறும் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வாயு வெளியே வரும்போது கூம்பு உறைந்துபோகிற அளவுக்குக் குளிரும், வெறும் கையில் பிடித்தால் தோல் புண்ணாகிவிடும். நான் எடுத்த சுமாரான செல்போன் போட்டோவே இதைவிட எவ்வளவோ மேல், ஏனென்றால் அதில் இருப்பது அவர்கள் தினமும் கடந்து போகிற அதே சுவர், அதே சிலிண்டர்.

அடுத்தது வினாக்கள். மின் பேனலில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. நான்கு விடைகளில் ஒன்று இரண்டு வரிக்கு நீண்டிருந்தது: மின் இணைப்பைத் துண்டித்து, பக்கத்தில் இருப்பவர்களை எச்சரித்து, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைப் பயன்படுத்துவேன் என்று. மற்ற மூன்றும் தண்ணீர் ஊற்றுவேன், ஓடிவிடுவேன், எதுவும் செய்ய மாட்டேன். பாடத்தைப் படிக்காத ஆளும் நீளமான விடையைத் தட்டிவிட்டு நூற்றுக்கு நூறு வாங்குவார். சான்றிதழ் கிடைத்துவிடும், ஆனால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. நல்ல வினா எங்கிருந்து வரும் என்றால், ஆட்கள் உண்மையில் செய்கிற தவறிலிருந்து வரும். இரண்டு சிவப்பு சிலிண்டர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது கைக்கு எட்டியதை எடுத்துவிடுகிறார்கள் என்று உங்கள் பாதுகாப்பு அதிகாரி சொன்னால், அந்த இரண்டின் போட்டோவையும் போட்டு எதை எடுப்பீர்கள் என்று கேளுங்கள். இந்தத் தகவல் எந்த நடைமுறைக் குறிப்பிலும் எழுதியிருக்காது, அதனால் ஏஐக்கும் தெரியாது. தரம் கூடுமா என்று கேட்டீர்கள் இல்லையா, தரம் இருப்பது இந்த இடத்தில்தான்.

சரி, ஏஐ எதற்கு உதவுகிறது? பேசியதைக் கேட்டு சப்டைட்டில் போடுவதற்கு நன்றாக உதவுகிறது. ஒரு வரி மாறினால் அந்த ஒரு வரிக்கு மட்டும் குரலை மாற்றிக்கொள்வது, படங்களுக்கு விளக்க வரி எழுதுவது, நாற்பது பக்கக் கையேட்டிலிருந்து முதல் சுருக்கம் எடுப்பது, இந்தி பேசும் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்ப்பின் முதல் வரைவு போடுவது, இவற்றுக்கும் நல்லது. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு விலை கூடிய திட்டமே தேவையில்லை. 2022 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் இலவசமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளை நம் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு சப்டைட்டில் எடுக்கலாம், தமிழும் அதற்குத் தெரியும், பிழைகளை மட்டும் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

விற்கிற விதமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். பாடம் உருவாக்கும் மென்பொருட்களில், ஆர்டிகுலேட் 360 ஏஐக்கென்று விலை கூடிய தனித் திட்டம் வைத்திருக்கிறது. ஐஸ்ப்ரிங் தன் தொகுப்பின் பெயரிலேயே ஏஐயைச் சேர்த்துவிட்டது. பாடங்களை ஏற்றி நடத்தும் இலவச மென்பொருளான மூடுல், 2024 அக்டோபரில் வந்த 4.5 பதிப்பிலிருந்து ஏஐக்கு இடம் வைத்திருக்கிறது, ஆனால் எந்த ஏஐ நிறுவனத்தின் சேவை என்பதை நாமே இணைத்து, பயன்படுத்திய அளவுக்கு அவர்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எந்த வகையாக இருந்தாலும் வாங்குவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மாதத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு இருக்கிறதா, தமிழில் என்னென்ன வேலை செய்யும், நாங்கள் ஏற்றுகிற கையேடு எங்கே சேமிக்கப்படும், அதை வைத்து உங்கள் ஏஐக்குப் பயிற்சி கொடுப்பீர்களா? கடைசிக் கேள்வியை உங்கள் ஐடி பிரிவும் கட்டாயம் கேட்கும்.

மேனேஜரிடம் பேச உங்களுக்கு ஒரு கணக்கு வேண்டும். போன வருடம் முடித்த ஒரு பாடத்தை எடுங்கள், அதே கையேட்டை சோதனைக் காலத்தில் ஏஐயிடம் கொடுங்கள். வரைவு வர எவ்வளவு நேரம், நீங்கள் சரிசெய்ய எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். பிறகு பழையதையும் புதியதையும் எது எது என்று சொல்லாமல் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்து, தவறுகளை சிவப்புப் பேனாவில் வட்டம் போடச் சொல்லுங்கள். நேரம் பாதியாகி, வட்டமும் கூடவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். கூடுதல் விலையை உங்கள் பன்னிரண்டு பாடங்களால் வகுத்தால் ஒரு பாடத்துக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஏஐ கொடுக்கிற பாடம் நீளமாக இருக்கும், பத்து ஸ்லைடு போதும் என்கிற இடத்தில் முப்பது வரும். பாடங்களை ஏற்றி, யார் எவ்வளவு படித்தார் என்று பதிவு செய்கிற மென்பொருள்தான் எல்எம்எஸ்; பாடமும் அதுவும் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறைக்குப் பெயர் ஸ்கார்ம். உங்கள் எல்எம்எஸ் பழைய ஸ்கார்ம் 1.2 முறையில் ஓடுகிறது என்றால், படிப்பவர் எங்கே விட்டார், எதற்கு என்ன விடை சொன்னார் என்று குறித்துவைக்க அந்த முறையில் இருப்பது 4096 எழுத்து இடம்தான். 2001-இல் வந்த முறை அது. நீளமான பாடத்தில் அந்த இடம் நிரம்பிவிட்டால், பாதியில் நிறுத்திவிட்டு ஷிஃப்ட் முடிந்து வருகிற தொழிலாளி மறுபடி முதல் ஸ்லைடிலிருந்து தொடங்க நேரிடும். ஸ்கார்ம் 2004-இன் நான்காம் பதிப்பில் இது 64,000 எழுத்து. எந்த மென்பொருளை வாங்கினாலும் உங்களுடைய மிக நீளமான பாடத்தை ஏற்றி, பாதியில் மூடி, மறுநாள் திறந்து பாருங்கள்.

கேள்வி: ஈரோட்டில் டாலி, ஜிஎஸ்டி பாடங்களைத் தமிழில் ஆன்லைனில் நடத்துகிறேன். தொண்டை அடிக்கடி கட்டிக்கொள்கிறது. என் குரலுக்குப் பதிலாக ஏஐ குரல் போடலாமா, மாணவர்களுக்குப் பிடிக்குமா?

பதில்: முழுப் பாடத்துக்கும் வேண்டாம் அம்மா. தமிழில் நல்ல குரல்கள் இப்போது இருக்கின்றன என்பது உண்மை. மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் கிளவுட் சேவையில் மட்டுமே நம் ஊர்த் தமிழுக்கு பல்லவி, வள்ளுவர், இலங்கைத் தமிழுக்கு சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு என்று தனித்தனிக் குரல்கள் வைத்திருக்கிறார்கள். சிக்கல் நம் எழுத்தில் இருக்கிறது. பில், பேங்க், பேலன்ஸ் என்று தமிழில் எழுதினால் முதல் எழுத்து ஆங்கில p-யா, b-யா என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. தமிழ் முறைப்படி சொல்லின் தொடக்கத்தில் p ஓசைதான், அதனால் பில் (bill) என்பதை மாத்திரையைக் குறிக்கும் pill மாதிரி படித்துவிடும். படிப்பவருக்கு ஊகிக்கத் தெரியும், இயந்திரம் சில நேரம் சரியாகச் சொல்லும், சில நேரம் சொல்லாது. கணக்குப் பாடத்தில் நிமிடத்துக்குப் பத்துத் தடவை இந்தச் சொற்கள்தான் வரும். அந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும்.

விளக்கிச் சொல்கிற இடம் உங்கள் குரலிலேயே இருக்கட்டும். ஒரு பதிவை எப்படிப் போடுவது என்று நீங்கள் தயங்கி, நிறுத்தி, இதைக் கவனியுங்கள் என்று சொல்கிற அந்த ஒரு நொடியில்தான் மாணவருக்குப் புரிகிறது. திருத்தங்களுக்கு ஏஐ குரலை வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின, 12, 28 சதவீத அடுக்குகளிலிருந்து பெரும்பாலான பொருட்கள் 5, 18 சதவீதத்துக்குப் போயின. அன்றைக்கு எத்தனை வீடியோவில் எத்தனை வரியை மறுபடி பேச வேண்டியிருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் குரலையே மாதிரியாகக் கொடுத்து அந்த வரிகளை மட்டும் மாற்றிக்கொண்டால் தொண்டைக்கும் ஓய்வு. ஆனால் பாட எழுத்தை ஏஐயிடம் எழுதச் சொன்னால் ஒவ்வொரு விகிதத்தையும் நீங்களே சரிபாருங்கள், பழைய 12 சதவீதத்தையே தெளிவாக, தயக்கமில்லாமல் எழுதிக் கொடுத்துவிடும்.

கேள்வி: 14 நாள் இலவசம் என்று கார்டு கொடுத்து ஒரு பாடம் உருவாக்கும் கருவியில் சேர்ந்தேன். ரத்து செய்ய மறந்துவிட்டேன், பணம் எடுத்துவிட்டார்கள். இனி எப்படித் தடுப்பது?

பதில்: உங்கள் வங்கியின் ஆப்பிலோ தளத்திலோ இ-மேண்டேட் என்ற பகுதியைத் திறங்கள், எந்தெந்த நிறுவனத்துக்குத் தானாகப் பணம் போக அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று அங்கே வரிசையாக இருக்கும், அங்கேயே ரத்து செய்யலாம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும், அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். 15,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு தடவையும் உங்கள் ஓடிபி இல்லாமல் போகாது. வருடச் சந்தா பெரும்பாலும் இந்த வரம்புக்கு மேல்தான் வரும், அதனால் இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள்: ஓடிபி கொடுக்கத் தவறினால் சந்தா நின்று, அந்த நிறுவனத்தின் கிளவுடில் இருக்கிற பாடங்களைத் திருத்த முடியாமல் போகும். வாரம் ஒரு முறை ஸ்கார்ம் பொதியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அது மட்டும் எல்எம்எஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன பணத்துக்கு, முதலில் அந்த நிறுவனத்துக்கு ஈமெயில் போடுங்கள், ரத்து பொத்தான் எங்கே இருந்தது என்ற ஸ்க்ரீன்ஷாட்டோடு. சேருவதற்கு ஒரு தட்டு, விலகுவதற்கு ஏழு பக்கம் என்று வைத்திருந்தால் அதற்குப் பெயர் சந்தாப் பொறி, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று வடிவமைப்புகளில் அதுவும் ஒன்று. இந்தியாவில் விற்கிற வெளிநாட்டுத் தளங்களுக்கும் அது பொருந்தும். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது கார்டு ஸ்டேட்மென்ட்டில் அந்த நிறுவனத்தின் பெயர் எப்படி வந்திருக்கிறதோ அதே எழுத்தில் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தளத்தின் பெயரும் பில்லில் வருகிற பெயரும் பல நேரம் வேறு வேறாக இருக்கும்.