வொர்க்‌ஷாப்பில் யார் பேசுவது? – கடிதம்

வணக்கம்.

நான் கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். கிராமத்துப் பால் சொசைட்டிகளில் காலையும் மாலையும் பால் அளந்து பதிவதற்கு ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். போன மாதம் செகரட்டரிகள், பாலின் தரம் பார்த்து எழுதும் டெஸ்டர்கள், பால் ஊற்றுகிறவர்கள் என்று இருபது பேரை ஒரு ஹோட்டல் ஹாலுக்கு வரவழைத்து ஒருநாள் வொர்க்‌ஷாப் நடத்தினோம். செயலியைத் திரையில் காட்டிக் கருத்துக் கேட்டோம். "நல்லா இருக்குங்க" என்றார்கள். இரண்டு செகரட்டரிகள் மட்டும்தான் பேசினார்கள். சுவர் முழுக்க ஸ்டிக்கி நோட் ஒட்டினோம், ஆனால் அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. இப்போது மூன்று சொசைட்டிகளில் செயலியைக் கொடுத்திருக்கிறோம். டெஸ்டர்கள் பழையபடி நோட்டில் எழுதிவிட்டு, கூட்டம் போன பிறகுதான் செயலியில் ஏற்றுகிறார்கள். இன்னொரு வொர்க்‌ஷாப்புக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு ஏற்றுகிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் தகவல்களிலேயே பெரியது அதுதான். இருபது பேரை ஒரு நாள் முழுக்க உட்காரவைத்தும் அது வெளியே வரவில்லை. வேலை நடக்கும் இடத்தில் தானாகத் தெரிந்துவிட்டது. ஆகவே அடுத்த முறை கருத்துக் கேட்பதை அறவே விட்டுவிடுங்கள். வந்தவர்கள் தங்கள் வேலையை மேசைமேல் செய்துகாட்டும்படி வொர்க்‌ஷாப்பை அமையுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் சொசைட்டிகளுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு சோதனை இருக்க வேண்டும். நடுவில் வரும் அரை நாள்தான் வொர்க்‌ஷாப்.

"நல்லா இருக்குங்க" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தேடி வந்து கேட்பவர் மனம் கோணக்கூடாது என்று பேசுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர்களிடமும் மாணவர்களிடமும் நடத்திய ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. வேறுபாடே இல்லாத இரண்டைக் காட்டி, அதில் ஒன்று கேள்வி கேட்பவரே உருவாக்கியது என்று தெரியும்படி விட்டார்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்காகக் கூடியது. கேட்டவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவராக இருந்தால் 5 மடங்கு. வேண்டுமென்றே தரத்தைக் குறைத்துக் காட்டியபோதும் இந்தச் சாய்வு போகவில்லை. ஆகவே "நாங்கள் செய்த செயலி" என்று ஒருபோதும் ஆரம்பிக்காதீர்கள். முடிந்தால் வரைந்தவர் ஒருவர், காட்டிக் கேட்பவர் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் காட்டாமல் இரண்டு மாதிரிகளைக் காட்டுங்கள். இரண்டை ஒப்பிட்டுக் குறை சொல்வதில் யாருக்கும் சங்கடம் இருக்காது.

முதல் வேலை, போய்ப் பார்ப்பது. நான்கு சொசைட்டிகள் போதும். இயந்திரத்தில் கொழுப்பு பார்ப்பது ஒன்று, சாம்பிள் எடுத்து வைத்துப் பிறகு பார்ப்பது ஒன்று, கூட்டம் அதிகமுள்ளது ஒன்று, சிக்னல் சரியாகக் கிடைக்காதது ஒன்று என்று வேறுபட்டவையாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காலை, ஒரு மாலை. இரண்டு பேர் போங்கள், ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். பால் அளக்கும் நேரத்தில் கேள்வியே வேண்டாம், ஓரமாக நின்று பார்த்தால் போதும். கூட்டம் போனபின் பேசலாம். அப்போதும் "வழக்கமாக என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் விதிமுறை வரும், "இன்னிக்குக் காலையில அந்த அம்மா பால் அட்டை கொண்டு வரலையே, அப்ப எப்படி எழுதினீங்க?" என்று கேட்டால் நடந்தது வரும். சுவரில் சாக்பீஸால் எழுதிய எண்கள், நோட்டின் பின்பக்கக் கணக்கு, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிய துண்டுக் காகிதம் ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். உங்கள் செயலியில் என்ன இல்லை என்பது அங்கேதான் எழுதியிருக்கும்.

ஒரு கடிகாரமும் கொண்டுபோங்கள். அறுபது பேர் ஒன்றரை மணி நேரத்தில் பால் ஊற்றிவிட்டுப் போனால், ஆளுக்குக் கிடைப்பது 90 விநாடி. அதற்குள் பாலை அளக்க வேண்டும், சாம்பிள் எடுக்க வேண்டும், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) எழுத வேண்டும், அட்டையிலும் போட்டுக் கொடுக்க வேண்டும். செயலி ஆளுக்கு 20 விநாடி கூடுதலாக எடுத்தால் அறுபது பேருக்கு 20 நிமிடம். பால் வண்டி அதற்காகக் காத்திருக்காது. டெஸ்டர் நோட்டுக்குத் திரும்பியதற்கு இந்த ஒரு கணக்கே காரணமாக இருக்கலாம். நேரில் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

புகைப்படமோ ஒலிப்பதிவோ எடுப்பதற்கு முன் ஒப்புதல் வாங்குங்கள். ஒரு பக்கத் தாள், தமிழில், எளிய வாக்கியங்களில். எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம், வேண்டாமென்றால் யாரிடம் சொல்வது என்ற நான்கும் இருந்தால் போதும். வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒப்புதல் கேட்கும் விவரத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உட்பட்ட மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது.

பார்த்து வந்ததைப் பிரிக்கும் வேலையை உங்கள் குழுவே செய்யலாம். சீட்டுக்கு ஒரு செய்தி, தடித்த மார்க்கரில், மூலையில் எந்த சொசைட்டி, யார் என்ற குறியீடு. ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடா 1960-களில் வகுத்த முறை இது, கே.ஜே. முறை என்பார்கள். தலைப்புகளை முன்கூட்டியே போட்டுவிட்டு சீட்டுகளை அவற்றின்கீழ் அடுக்கக்கூடாது என்பது அதன் உயிர்நாடி. ஒன்றோடொன்று சேரும் சீட்டுகளை முதலில் சேர்த்து வையுங்கள், பிறகு அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கொடுங்கள். பெயரும் முழு வாக்கியமாக இருக்கட்டும். "பணம்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. "பட்டுவாடா நாள் வரை எவ்வளவு வரும் என்று பால் ஊற்றுகிறவருக்குத் தெரிவதில்லை" என்று எழுதினால் அடுத்து என்ன செய்வது என்பதும் அதிலேயே இருக்கும். உங்கள் பழைய ஸ்டிக்கி நோட்டுகள் பயன்படாமல் போனதற்கு ஒற்றைச் சொல் தலைப்புகளும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது வொர்க்‌ஷாப். ஹோட்டல் ஹால் வேண்டாம். ஏதாவது ஒரு சொசைட்டிக் கட்டடமோ பக்கத்திலுள்ள பள்ளி, சமுதாயக் கூடமோ நல்லது. நேரம் காலை 10.30 முதல் 1.30 வரை. அதற்கு முன் வைத்தால் காலைப் பால், பின் வைத்தால் மாலைப் பால், இரண்டுக்கும் நடுவில்தான் இவர்கள் வர முடியும். பன்னிரண்டு பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். மேசைக்கு நான்கு பேர், ஒவ்வொரு மேசைக்கும் உங்கள் ஆள் ஒருவர். பேருந்துச் செலவையும் அன்றைய கூலியையும் உறையில் போட்டு வந்தவுடனேயே கொடுத்துவிடுங்கள். கடைசியில் கொடுத்தால் நல்லவிதமாகப் பேசியதற்குக் கொடுப்பதுபோல ஆகிவிடும்.

யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதில்தான் போன முறை எல்லாம் கெட்டது. செகரட்டரி இருக்கும் மேசையில் அவருடைய டெஸ்டர் வாய் திறக்க மாட்டார். தன் பாலுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று எழுதுகிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, பால் ஊற்றும் அக்கா அளவைப் பற்றிப் பேச மாட்டார். அது அவருடைய பிழைப்பு. செகரட்டரிகள் ஒரு மேசை, டெஸ்டர்கள் ஒரு மேசை, பால் ஊற்றுகிறவர்கள் ஒரு மேசை என்று பிரியுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேசைக்கு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் நான்கு பேராவது வந்தால் அவர்களுக்குத் தனி மேசை. உங்கள் நிறுவன மேலாளர் முதல் பத்து நிமிடம் வந்து எதற்காக இது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். கடைசி அரை மணி நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். இதை அவரிடம் முந்தின நாளே பேசி ஒத்துக்கொள்ள வையுங்கள். கூட்டத்தின் நடுவில் சொல்ல முடியாது.

எல்லோரும் சேர்ந்து வாய்விட்டு யோசனை சொன்னால் நிறைய வரும் என்பது பரவலான நம்பிக்கை. 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, நான்கு பேர் தனித்தனியே யோசித்ததைச் சேர்த்தபோது ஏறக்குறைய இருமடங்கு யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும்போது யோசனை அறுந்துவிடுகிறது. உளவியலாளர்கள் டீல், ஸ்ட்ரோபே இருவரும் 1987-இல் முதன்மைக் காரணமாகக் காட்டியது இதைத்தான். ஆகவே எந்தக் கேள்வியானாலும் முதல் ஐந்து நிமிடம் ஓசையில்லாமல் தனித்தனியே எழுதவோ வரையவோ வேண்டும், பிறகுதான் பேச்சு. எழுதத் தயங்குகிறவருக்கு உங்கள் ஆள் எழுதிக் கொடுக்கட்டும். அவர் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும், திருத்தி நல்ல தமிழாக்கக் கூடாது.

முதல் முக்கால் மணி நேரம், இன்று காலையில் நடந்ததை வரிசையாக அடுக்குவது. இரண்டு சார்ட் பேப்பரை நீளவாக்கில் ஒட்டி மேசையில் விரியுங்கள். கேன், அளவை, பால் அட்டை, நோட்டு, வண்டி ஆகியவற்றின் படங்களை வெட்டிக் கொடுங்கள், உண்மையான அட்டையும் நோட்டும் இருந்தால் இன்னும் நல்லது. எங்கே சிக்கல் வந்ததோ அங்கே சிவப்புப் பொட்டு ஒட்டட்டும். பொட்டு விழும் இடங்களில் உங்கள் சீட்டுகளில் இல்லாதது ஏதாவது வந்தால், அங்கே பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள்.

டீக்குப் பிறகு ஒரு மணி நேரம் முழுவதும் காகித மாதிரிக்கு. இந்த அரை நாளின் சாரமே இதுதான், இதற்கான நேரத்தைக் குறைக்காதீர்கள். வேலை செய்கிறவர்களே தங்கள் கருவியை வடிவமைப்பது ஸ்காண்டிநேவியத் தொழிற்சங்கங்களில் 1970-களில் தொடங்கிய முறை. நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு கணினி அறிவியலாளர் கிறிஸ்டன் நீகோர் செய்த வேலை முன்னோடி. 1981 முதல் 1985 வரை நடந்த யுடோபியா திட்டத்தில், செய்தித்தாள் பக்கம் கட்டும் தொழிலாளர்கள் இன்னும் சந்தைக்கு வராத கணினிகளை அட்டையிலும் மரத்திலும் செய்துவைத்துத் தங்கள் வேலையை அதில் செய்து பார்த்தார்கள். வெறும் அட்டைப் பெட்டிமேல் லேசர் பிரிண்டர் என்று எழுதி வைத்திருந்தார்கள். விலை உயர்ந்த இயந்திரத்தின்முன் தயங்கி நிற்கும் கை, அட்டையைத் தயங்காமல் நகர்த்தும், கிழிக்கும், வேறு இடத்தில் ஒட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: போன் திரையின் அதே அளவில் முப்பது வெள்ளை அட்டைகள். உறுப்பினர் எண், பெயர், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தொகை, 'சரி', 'திருத்து' ஆகியவை தனித்தனித் துண்டுகளாக, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று அளவுகளில். எண் பலகை ஒன்று. கத்தரி, பசை, வெற்றுத் துண்டுகள். ஒருவர் பால் ஊற்றுகிறவராக வரட்டும், ஒருவர் டெஸ்டர், உங்கள் ஆள்தான் போன்: அட்டையைத் தொட்டால் அடுத்த அட்டையை அவர் எடுத்து வைப்பார். ஒரு சொம்பில் தண்ணீர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு கையில் அளவை இருக்கும்போது மற்றொரு கையின் கட்டைவிரல் எதுவரை எட்டுகிறது, ஈர விரலை எங்கே துடைக்கிறார், எண்ணைக் கேட்கிறாரா முகத்தைப் பார்த்தே எழுதுகிறாரா என்பதெல்லாம் கண்முன் தெரியும். உங்கள் செயலி முதலில் உறுப்பினர் எண்ணைக் கேட்கலாம். டெஸ்டரோ லிட்டரை முதலில் சொல்லிவிட்டு ஆளைப் பிறகு பார்க்கலாம். அப்படியானால் துண்டுகளை அவரே இடம் மாற்றி ஒட்டட்டும். 4.2 என்று போடப் புள்ளியைத் தேடுகிறாரா, 42 என்றே அடிக்கிறாரா என்று கவனியுங்கள். 42 என்றே அடிப்பவர்கள் பலர் என்றால் புள்ளியைச் செயலியே போட்டுக்கொள்ளலாம், ஆளுக்கு ஒரு தொடுதல் மிச்சம். மேசையில் இருக்கும் உங்கள் ஆள் விளக்கம் சொல்லக் கூடாது. விளக்க வாய் வருகிற இடத்தை எல்லாம் அவர் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சொசைட்டியில் விளக்க யாரும் இருக்கப்போவதில்லை.

எதை முதலில் திருத்துவது என்று வாக்கெடுக்கும்போது ஆளுக்கு மூன்று பொட்டு. நேராக ஒட்டச் சொன்னால் முதலில் ஒட்டியவரைப் பார்த்து மற்றவர்கள் ஒட்டுவார்கள். குறைகளுக்கு எண் போட்டுவிடுங்கள்; முதலில் தாங்கள் தேர்ந்த மூன்று எண்களைச் சீட்டில் எழுதிவைக்கட்டும், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒட்டட்டும். மேசைக்கு ஒரு நிறம் கொடுங்கள். செகரட்டரிகள் கேட்பதும் டெஸ்டர்கள் கேட்பதும் மோதும் இடம் நிறத்திலேயே தெரிந்துவிடும். அந்த மோதலைக் கூட்டிக் கழித்து மறைக்காமல் மேலாளர் திரும்பி வந்ததும் அவர் முன்னால் வையுங்கள். அவர் வந்து உட்கார்வது அதற்காகத்தான்.

திருத்திய மாதிரியைச் சோதிக்க எத்தனை பேர் வேண்டும் என்றால், ஐந்து பேர் போதும் என்பார்கள். பயன்பாட்டுச் சோதனை ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் போட்ட கணக்கு அது. ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம் என்றால் ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டும் வரும் குறையானால், ஐந்து பேரில் அது அகப்படும் வாய்ப்பு 41 சதவீதம்தான். பணத்தைத் தவறாகக் கணக்கிடும் குறை அப்படி ஒளிந்திருந்தால் ஊரில் உங்கள் செயலிக்கு இடமிருக்காது. செகரட்டரிகள் ஐந்து, டெஸ்டர்கள் ஐந்து, பால் ஊற்றுகிறவர்கள் ஐந்து என்று வையுங்கள். கண்டதைத் திருத்திவிட்டு இன்னொரு சுற்றும் வையுங்கள். பட்டனில் உள்ள சொல் உங்கள் கேள்வியில் வரக்கூடாது. "உறுப்பினர் சேர்க்கைக்குப் போங்க" என்றால் அந்தச் சொல்லைத் தேடித் தொட்டுவிடுவார். "புதுசா மாடு வாங்கினவர் இன்னிக்கு முதல்தடவையா பால் கொண்டுவந்திருக்காரு, என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். தடுமாறினால் பத்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். முடிந்ததும் "பிடிச்சிருக்கா" என்று கேட்க வேண்டாம். "நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போறீங்க, வேற ஒருத்தர் வந்து இதைப் பார்க்கணும், அவருக்கு எந்த இடத்தில சிரமம் வரும்?" என்று கேட்டால், தன் சிரமத்தை அவர் பெயரில் தாராளமாகச் சொல்வார்.

ஒவ்வொரு நாளும் முடிந்த அன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். அட்டைகளையும் சார்ட்டுகளையும் கலைக்கும் முன் எண் போட்டுப் படம் எடுங்கள். அறிக்கை இரண்டு பக்கம் போதும்: குறை, எங்கே பார்த்தோம், என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதி. செய்ய முடியாது என்று விட்டவையும் காரணத்தோடு அதில் இருக்கட்டும். வொர்க்‌ஷாப் முடியும்போதே, திருத்திய செயலியை எந்தத் தேதியில் யார் சொசைட்டிக்குக் கொண்டுவருவீர்கள் என்று பன்னிரண்டு பேரிடமும் சொல்லிவிடுங்கள். போகும்போது அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துப்போய், அவர்கள் கேட்டவற்றில் எது வந்தது, எது வரவில்லை, ஏன் என்று வாசித்துக் காட்டுங்கள்.