வாசகர் கேள்வி – பதில்: ஆற்றல் கரையும், நஞ்சு சேரும்

கேள்வி: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. உணவுச் சங்கிலி ஏன் அதோடு நின்றுவிடுகிறது? 'பத்து சதவீத விதி' என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் வந்தது, ஆனால் விளங்கவில்லை. (ஒரு மாணவி)

விளங்கவில்லை என்று எழுதினீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

படிக்கிற காலத்தில் ஒரு பச்சைப்புழுவை இலையோடு கண்ணாடிப் புட்டியில் விட்டு, அடியில் வெள்ளைத் தாள் போட்டு வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் இலையில் நடுநரம்பு மட்டும்தான் மிச்சம். தாள் முழுக்கக் கடுகைத் தெளித்தது போலக் கறுப்பு எச்சம். தினமும் அதைத் தட்டிச் சேர்த்து வந்தேன். புழு கூடு கட்டிய அன்று பார்த்தால், எச்சக் குவியல் புழுவைவிடப் பெரிதாக இருந்தது! தின்றதில் பாதிக்கு மேல் உடம்பில் ஒட்டவே இல்லை. ஒட்டியதிலும் பெரும்பகுதி ஊர்வதற்கும் மூச்சு விடுவதற்கும் செலவாகி, வெப்பமாகக் காற்றோடு போய்விட்டது. புழுவைக் கொத்தும் குருவிக்குக் கிடைப்பது மிஞ்சிய அந்தச் சிறு உடம்பு மட்டுமே.

ஒரு படியில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒரு பங்குதான் அடுத்த படிக்குப் போகும் என்பதே நீங்கள் எழுதிய 'பத்து சதவீத விதி'. இனி கணக்கைப் பாருங்கள். புல்லில் 10,000 கலோரி இருந்தால் வெட்டுக்கிளியின் உடம்பில் 1,000, தவளையில் 100, பாம்பில் 10, பருந்தில் 1. அந்த ஒன்றை நம்பி இன்னொரு வேட்டை விலங்கு பிழைக்க முடியாது. அதனால்தான் சங்கிலி அங்கே அறுந்து நிற்கிறது.

இதை ஒரு ஏரியில் அளந்து பார்த்தவர் ரேமண்ட் லிண்டமன் என்ற ஆய்வாளர். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் சீடர் பாக் ஏரியில் ஆண்டுக்கணக்காகச் சேறும் பாசியும் புழுவும் அள்ளி அளந்தார். அவருக்குக் கிடைத்த எண் பத்து அல்ல. தாவர உண்ணிகளுக்குச் சுமார் 13 சதவீதம், ஊனுண்ணிகளுக்குச் சுமார் 22. பத்து என்பது பின்னால் வந்தவர்கள் நினைவில் வைக்க எளிதாக எடுத்துக்கொண்ட சராசரி. இதை 'விதி' என்று பாடத்தில் அச்சிடுவது எனக்கு உடன்பாடில்லை. அவருடைய கட்டுரையை ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் முதலில் ஏற்க மறுத்தார்கள். 1942 அக்டோபரில் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்த ஜூனில், 26 வயதில், இறந்துபோயிருந்தார். அடுத்த முறை உணவுச் சங்கிலியின் ஆற்றலைப் படிப்படியாகக் காட்டும் அந்தப் படிக்கட்டுப் படத்தை வரையும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆற்றல் குறைந்துகொண்டே போகிறது என்றால், பூச்சிமருந்து நஞ்சு மட்டும் மேலே போகப் போக எப்படிக் கூடுகிறது?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆற்றலை உடம்பு எரித்துத் தீர்க்கிறது. டிடிடி (DDT) என்ற பூச்சிமருந்து போன்ற நஞ்சை அதற்கு எளிதில் எரிக்கவும் தெரியாது, சிறுநீரில் எளிதில் கழிக்கவும் முடியாது, ஏனென்றால் அது நீரில் கரையாமல் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். ஒரு மீன் தன் ஆயுளில் தின்ற ஆயிரக்கணக்கான சிற்றுயிர்களின் ஆற்றலெல்லாம் செலவாகிவிட்டது, அவற்றின் நஞ்சு மட்டும் அதன் கொழுப்பில் தேங்கி நிற்கிறது. இதைத்தான் உயிரியல் உருப்பெருக்கம் என்கிறோம்.

கலிபோர்னியாவின் கிளியர் லேக்கில் நடந்ததைச் சொல்கிறேன். கொசுவைப் போலிருக்கும், ஆனால் கடிக்காத சின்னப் பூச்சிகளின் தொல்லைக்காக 1949, 1954, 1957 என மூன்று முறை டிடிடி-க்கு (DDT) உறவான DDD என்ற மருந்தை ஏரியில் கலந்தார்கள். 1954-க்குப் பிறகு, மீன் தின்னும் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. கலந்த அளவு ஏறத்தாழ ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்குதான். மிதவை உயிரிகளில் அது பத்து லட்சத்தில் 5 பங்கு. செத்த பறவையின் கொழுப்பில் 1,600. நீரில் இருந்ததைப் போல எண்பதாயிரம் மடங்கு! தெளித்தவர்கள் நீரை மட்டும் கணக்கில் வைத்தார்கள், யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

கேள்வி: சூழலியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒன்றுதானா?

இல்லை. உயிர்கள் ஒன்றோடொன்றும் தம் சூழலோடும் கொண்ட உறவைப் படிப்பது சூழலியல். 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் உயிரியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். நீர், காற்று, மண் மாசு, அதற்கான வேதியியல், சட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது சுற்றுச்சூழல் அறிவியல்.

கேள்வி: மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்கிறேன். இடம் சுத்தமாகத்தானே ஆகிறது?

எரிப்பதற்கு முன் ஒருமுறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே முழு இலை. அதற்கடியில் சதை போய் நரம்பு மட்டும் வலையாக நிற்கும் இலை. இன்னும் கீழே வெள்ளை நூலாகப் பூஞ்சை இழைகள், சுருண்டுகொள்ளும் மரவட்டை. அதற்கும் கீழே, இலை எது மண் எது என்று பிரிக்க முடியாத கறுப்பு மட்கு. மழை வாசனை வரும். நாலு விரல்கடைக்குள் ஓர் இலை மண்ணாகிற கதை முழுதும் இருக்கிறது. ஆற்றல் ஒரே திசையில் போய்த் தீர்ந்துவிடும், ஆனால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இந்த வழியாகத்தான் வேருக்குத் திரும்புகின்றன. எரித்தால் சாம்பலில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிற்கும், நைட்ரஜனில் பெரும்பங்கு புகையோடு போய்விடும்.

சருகை மரத்தடியிலேயே பரப்பி விடுங்கள். அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், பட்டை ஈரத்தில் அழுகாது.