சாலபேக்கின் கடைசி வரி

அன்புள்ள ஐயா,

ரஸ்கான், சாலபேக் போன்ற முஸ்லிம் கவிஞர்கள் இந்து தெய்வங்களைப் பாடியதாக மேடைகளில் சொல்கிறார்கள். இவர்கள் மதம் மாறியவர்களா? இல்லை, மத நல்லிணக்கத்துக்காகப் பின்னால் கட்டிய கதையா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

இவர்களைச் சுற்றிக் கதைகள் நிறைய உண்டு. ஆனால் பாடல்கள் நம் கையில் இருக்கின்றனவே. மதம் மாறினார்களா என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவாக ஒரே பதில் சொல்ல முடியாது.

அக்பரின் படைத்தலைவர் அப்துர் ரஹீம் கான்-இ-கானான் (1556–1627) பாபரின் தன்வரலாறான பாபர்நாமாவைப் பாரசீகத்தில் பெயர்த்தவர். கண்ணனையும் பாடினார், கடைசிவரை முஸ்லிம் பிரபுவாகவே வாழ்ந்தார்.

ரஸ்கான் வேறு மாதிரி. கிருஷ்ண பக்தி மரபு ஒன்றைத் தொடங்கிய வல்லபரின் மகன் விட்டலநாதரிடம் தீட்சை பெற்றதாக அந்த மரபின் நூல் சொல்கிறது. அதைவிட மதுரா வட்டாரத்துப் பிரஜ் மொழியில் அவர் எழுதிய கவிதையே பெரிய சாட்சி. ஆதிசேஷனும் சிவனும் கணேசனும் சூரியனும் இந்திரனும் ஓயாமல் பாடும் பரம்பொருளை, ஆயர் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஒரு சின்னக் கலயம் மோரைக் காட்டி ஆடவைக்கிறார்களாம்! உள்ளே போய் வாழ்ந்தவனுக்குத்தான் இப்படி எழுத வரும்.

என்னை அதிகம் உலுக்குபவர் 17ஆம் நூற்றாண்டு ஒடியாக் கவிஞர் சாலபேக். 'ஆஹே நீல சைல' பாடலில் ஜகந்நாதரை மதயானை என்று விளித்து, 'என் துயரமெனும் தாமரைக்காட்டை மிதித்துத் துவைத்துவிடு' என்கிறார். முதலை பிடித்த யானையைக் காத்தாய், சபையில் கதறிய திரௌபதியைக் காத்தாய் என்று ஒவ்வொன்றாக நினைவூட்டுகிறார். அப்புறம், பாடலை முடிக்கும்போது, தன் பெயரைச் சொல்லி, 'ஈன சாதியான், நான் யவனன்' என்கிறார். யவனன் என்றால் அங்கே முஸ்லிம்.

தன் பிறப்பை அவர் மறைக்கவில்லை. அதோடுதான் சுவாமி முன் நிற்கிறார். பூரி கோயிலுக்குள் அவருக்கு இடமில்லை. தேரில் சுவாமி வீதிக்கு வந்தால்தான் தரிசனம். இன்றும் ஜகந்நாதரின் நந்திகோஷத் தேர் அவர் சமாதி அருகே நின்றுதான் நகர்கிறது. அதை நெகிழ்ச்சியோடு சொல்கிற பேச்சாளர்கள் அந்த 'ஈன சாதி'யை மட்டும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அவரை வெளியே நிறுத்தியவர்களின் சொல் அது. அதைத் தன் பெயருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாடியிருக்கிறார்.