கற்பனைக் கடல் உயிரினங்கள் உள்ள வண்ணப் புத்தகத்தில் செதில்கள் தட்டையாகத் தெரியாமல் தீட்டுவது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்களுக்கான வண்ணப் புத்தகம் வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே மகரம், கடற்கன்னி, பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்). ஸ்கெட்ச் பேனா போட்டால் மறுபக்கம் ஊறுகிறது, கலர் பென்சில் போட்டால் செதிலெல்லாம் தரையில் பதித்த ஓடு மாதிரி நிற்கிறது என்கிறீர்கள்.

ஊறுவது தாளின் குறை. 80 ஜிஎஸ்எம் தாள், அதாவது ஜெராக்ஸ் தாளின் கனம் என்றால், பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 120 இருந்தால் பென்சிலை ஆறேழு அடுக்கு ஏற்றலாம். ஆல்கஹால் மார்க்கர் 160லும் ஊறும். ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட புத்தகத்தில், அடியில் தடித்த அட்டை வைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். படத்தைக் கோப்பாக வாங்கி அச்செடுப்பவர்கள் கடையில் லேசர் பிரிண்ட் கேளுங்கள். இங்க்ஜெட் கோடு பெரும்பாலும் தண்ணீர் பட்டால் கலங்கிவிடும்.

பென்சில் 24 நிறம் போதும். மெழுகு கலந்த கலர் பென்சில் மென்மையாகக் கலக்கும், ஆனால் சில நாளில் மேலே வெள்ளைப் புகை மாதிரிப் படியும். பஞ்சால் மெல்லத் துடைத்தால் போய்விடும். எண்ணெய் கலந்த கலர் பென்சில் சற்றுக் கடினம், கூர் நிற்கும். செதிலுக்கு அதுதான் நல்லது.

இனி முக்கியமான விஷயம். காலையில் சந்தைக்குப் போய் ஒரு சாளையை (மத்தி மீன்) கையில் வாங்கிப் பாருங்கள். நேரம் ஆக ஆக நிறம் மங்கிவிடும், அதனால் காலையில்தான் பார்க்க வேண்டும். முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி. கடலில் வாழும் பல மீன்களுக்கு மேல் கருமை, கீழ் வெளுப்பு; மேலிருந்து வரும் வெளிச்சத்தில் உருவம் தெரியாமல் மறைய அது உதவுகிறது. கற்பனை மிருகத்துக்கும் இதே கணக்கை வைத்தால் அது தண்ணீருக்குள் இருப்பதாகக் கண் நம்பிவிடும். உடம்பு முழுக்க ஒரே அழுத்தத்தில் நிரப்புவதுதான் ஓடு பதித்த மாதிரி தெரிவதற்குக் காரணம்.

அதே சாளையில் ஒரு செதிலை உற்றுப் பாருங்கள். தலைப்பக்க ஓரம் முந்தின செதிலுக்கு அடியில் போகிறது, அங்கே நிழல். வால்பக்க விளிம்பு வெளியே நிற்கிறது, அங்கே மினுக்கம். அதனால் ஒவ்வொரு செதிலிலும் தலைப்பக்கம் இருட்டு, வால்பக்க விளிம்பு வெறும் தாள். வெள்ளி என்று சாம்பல் நிறத்தை எடுக்காதீர்கள். வெளிர்நீலமும் ஒரு துளி இளமஞ்சளும் போட்டு மீதியைத் தாளுக்கே விட்டுவிடுங்கள்.

செய்யும் முறை: கையெழுத்துக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதிதான். வெளிர்நிறத்தைச் சின்னச் சின்ன வட்டமாக மூன்று முறை ஏற்றி, அதன்மேல் இருட்டு நிறத்தை நிழல் பக்கம் மட்டும் இரண்டு முறை. வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேய்ப்பது கடைசியில் ஒரே ஒரு தடவை. பலர் அதை நடுவிலேயே தேய்த்துவிடுகிறார்கள். தாளின் சொரசொரப்பு மெழுகால் அடைபட்டுவிடும், அதற்கப்புறம் எந்த நிறமும் பிடிக்காது.

மகரத்திலும் கடற்கன்னியிலும் கெட்டுப்போகும் இடம் ஒட்டுதான். கோயில் மகர தோரணத்தில் பார்த்திருப்பீர்கள்: துதிக்கை யானை, வாய் முதலை, வால் மீன். துதிக்கைத் தோலுக்குப் பளபளப்பு கிடையாது. சாம்பல்பழுப்பை மங்கலாக விடுங்கள். வாலுக்குத்தான் வெள்ளை மினுக்கம். இரண்டும் சேரும் இடத்தில் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறினால் இரண்டு படத்தை ஒட்டியது போலிருக்கும். இரண்டு செ.மீ. அகலத்துக்கு இரு நிறத்தையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து செதிலைத் தோல்பக்கம் சிதறவிடுங்கள். கடற்கன்னி இடுப்புக்கும் இதே வழி.

பின்னணிக் கடலை முதலிலேயே முடித்துவிடுங்கள். நீல சாஃப்ட் பேஸ்டலை (சாக்பீஸ் மாதிரி உதிரும் வண்ணக்கட்டி) பிளேடால் சுரண்டி, தூளைப் பஞ்சால் தேய்த்து, உருவத்துக்குள் போனதை ரப்பரால் அழித்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். ஆழக்கடல் காட்சி என்றால் சிவப்பைக் குறையுங்கள், தண்ணீர் முதலில் விழுங்கும் நிறம் அதுதான். அடித்தரைக்கு நம்மூர் மணலே மாதிரி: மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இருக்கும் கனிம மணலில் இல்மனைட் கருப்பு, கார்னெட் சிவப்பு. மங்கிய மஞ்சள்மேல் இந்த இரண்டையும் புள்ளி புள்ளியாக வையுங்கள், தனியாகத் தெரியும்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரம் ஏறிய தாளில் பென்சில் தேய்த்தால் நார் கிளம்பும், ஜெல் பேனா காய நேரமெடுத்துக் கையில் இழுபடும். புத்தகத்தை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் படுக்க வையுங்கள். தீட்டும்போது உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாள் கட்டாயம். கண்ணின் வெள்ளைப் புள்ளியை மட்டும் ஜெல் பேனாவால், எல்லாம் முடிந்த பிறகு, வெளிச்சம் வரும் மேல்பக்கமாக வையுங்கள்.