நினைவு படிகத்துக்கு, தண்ணீருக்கு இல்லை

ஐயா,

ஃபெர்ரோ எலெக்ட்ரிக் படிகத்தில் ஒலியை ஓடவிட்டு, மேலே விழும் திரவம் எது என்று கண்டறிந்து நினைவிலும் வைக்கும் கருவிகளைப் பற்றிப் படித்தேன். அப்படியானால் தண்ணீருக்கு ஞாபகசக்தி உண்டுதானே? அம்மாவின் மூட்டுவலிக்கு 'நினைவு நீர்' இயந்திரம் வாங்கலாமா? ஃபெர்ரோ என்றால் இரும்பு, துருப்பிடிக்காதா?

அன்புள்ள நண்பருக்கு,

இரும்பு பெயரில்தான், பெரும்பாலான படிகங்களில் கிடையாது. இயந்திரம் வேண்டாம். அம்மாவை நல்ல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

படிகத்தின் மேற்பரப்பில் குட்டி நிலநடுக்கம் போல ஓர் ஒலியலை ஓடுகிறது. வழியில் ஒரு சொட்டு தேனோ தண்ணீரோ இருந்தால், அதன் அடர்த்திக்கும் பிசுபிசுப்புக்கும் தக்கபடி அலையின் வேகம் மாறும், வலு குறையும். சொட்டைத் துடைத்துவிட்டால் அலை பழையபடி ஓடும். அப்புறம் எது ஞாபகம் வைத்திருக்கிறது? படிகம்தான். மின்புலம் கொடுத்தால் அதனுள் இருக்கும் நேர்-எதிர் மின்னூட்ட ஜோடிகள் ஒரு பக்கமாகத் திரும்பும். மின்சாரத்தை நிறுத்தினாலும் திரும்பியபடியே நிற்கும்; இந்தக் குணத்துக்குத்தான் ஃபெர்ரோ எலெக்ட்ரிக் என்று பெயர். அளந்ததை அதில்தான் எழுதி வைக்கலாம்.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருப்பதோ ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரம்தான். 1988இல் பிரான்சின் ஆய்வாளர் பென்வெனிஸ்த் நீருக்கு நினைவு உண்டு என்று பொருள்படும் கட்டுரையை 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதினார். இதழாசிரியரே குழுவோடு நேரில் போய், எந்தக் குழாயில் எது என்று சோதிப்பவருக்கே தெரியாமல் மறைத்துச் சோதித்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. இவ்வளவு படிக்கிற நீங்கள், படிகம் செய்த வேலையைத் தண்ணீர் கணக்கில் எழுதலாமா? கோபம் வருகிறது. அம்மாவின் வலியைக் காட்டி உங்களிடம் பணம் பிடுங்கப் பார்க்கிறார்களே என்று அதைவிட வருத்தம் வருகிறது.

படிகத்தின் இந்த நினைவை 1920இல் இயற்பியலாளர் ஜோசப் வலாசெக் முதலில் கண்டது ரோஷெல் உப்பில். ஒரு காலத்தில் பேதிக்குக் கொடுத்த உப்பு அது. அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் உண்டு. ஆனாலும் வெளியே ஈரம் மிஞ்சினால் கரைந்துபோகும்.

என் சித்தப்பாவின் ரெக்கார்ட் பிளேயரில் ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றியது அந்த உப்புதான். ஓர் ஐப்பசி அடைமழையில் பாட்டு நாளுக்கு நாள் மெலிந்து நின்றுபோனது. அந்த உப்புப் படிகம் இருந்த சின்னப் பெட்டியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார். மூன்றாம் நாள் எடுத்து, துடைத்து, மாட்டினார். நாங்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஊசி தட்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.