எதிரே இருப்பவர் நீதிபதி அல்ல

வணக்கம். சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி நான். மூட் கோர்ட்டில் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) தயங்காமல் வாதாடுவேன். ஆனால் ஒரு சாலை விபத்து மரண வழக்கைச் சமரசம் பேசி முடிக்கச் சொன்னபோது திணறிவிட்டேன். குடும்பத்தின் சார்பில் “ஐம்பது லட்சம்” என்றேன். இன்ஷூரன்ஸ் தரப்பில் இருந்த மாணவர் “பத்து” என்றார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. இது பழகி வருமா, பிறவியிலேயே இருக்க வேண்டுமா?

மாணவி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

பழகினால் வரும். ஐம்பதுக்கும் சரி, பத்துக்கும் சரி, பின்னால் கணக்கு இல்லை. அதனால்தான் பேச்சு நின்றது.

இப்படி ஒரு வழக்கை வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்கு வயது 34, சொந்தத் தொழில், மாத வருமானம் 18,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் அவரை நம்பியிருந்தவர்கள். ஆண்டு வருமானம் 2,16,000. உச்ச நீதிமன்றத்தின் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,02,400. சார்ந்திருப்போர் நால்வர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கைக் கழித்தால் 2,26,800. அதே நீதிமன்றத்தின் சர்லா வர்மா தீர்ப்பு (2009) இந்த வயதுக்குத் தரும் மல்டிபிளையர், அதாவது ஆண்டுத் தொகையைப் பெருக்க வேண்டிய எண், 16. ஆக 36,28,800. ஈமச்சடங்கு போன்ற சிறு தலைப்புகள் தனி.

இனி எதிர்த்தரப்பு நாற்காலியில் உட்கார்ந்து இதே கணக்கைப் போடுங்கள். பெரும்பாலான மாணவர்கள் தவறவிடும் வேலை இது. வருமானத்துக்கு ஆவணம் இல்லை, 12,000தான் ஏற்போம், இறந்தவர் மேலும் 20 சதவீதம் தவறு என்பார்கள். அப்போது 19,35,360. சண்டை உண்மையில் இரண்டே கேள்விகளில்தான்: வருமானம் எவ்வளவு, தவறு யாருடையது. வங்கிக் கணக்குப் புத்தகமும் விபத்து இடத்தின் வரைபடமும் உங்கள் குரலைவிட அதிகம் பேசும்.

எளிமைக்காக இந்த இரண்டு முடிவுகள்தான் சாத்தியம் என்று கொள்வோம். முதலாவதுக்கு 60 சதவீத வாய்ப்பு என்று மதிப்பிட்டால் வழக்கின் இன்றைய மதிப்பு சுமார் 29.5 லட்சம். மேல்முறையீடு, தாமதம் இவற்றையும் எடைபோட்டு, இதற்குக் கீழே இறங்க மாட்டோம் என்ற தொகையைக் கட்சிக்காரரோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அந்த முடிவு அவருடையது.

மேசைக்கு எதிரே இருப்பவர் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஒரு தொகைக்கு ஏன் சம்மதித்தார் என்று தன் அலுவலகக் கோப்பில் எழுத வேண்டியவர் அவர். நீங்கள் வாதத்தில் அவரை மடக்கிவிட்டால், அங்கே எழுத அவருக்கு ஒன்றும் கிடைக்காது. கணக்குத் தாளின் ஒரு பிரதியை அவர் கையில் கொடுங்கள். “வருமானத்தை ஏற்க உங்களுக்கு என்ன ஆவணம் வேண்டும்?” என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். மூட் கோர்ட் பழக்கத்தால் அந்த மௌனத்தை நிரப்பத் தோன்றும். அப்படி வாய் தவறித் தானாகவே தொகையைக் குறைப்பவர்கள் பலர்.

விட்டுக்கொடுக்கும்போது படி சுருங்கிக்கொண்டே வரட்டும்: 36 லட்சம், 33.5, 32, 31.25. ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் சொல்லி, பதிலுக்கு ஒன்று கேளுங்கள். வட்டி இதற்கு நல்ல கருவி. 30 லட்சத்துக்கு 7.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,25,000. நிலுவை வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அசலை உயர்த்தவும் ஆறு வாரத்தில் பணம் வரவும் கேட்கலாம்.

பயிற்சிக்கு மூன்று பேர் சேருங்கள். இரு தரப்புக்கும் தனித்தனி ரகசியக் குறிப்பு, 40 நிமிடம். மூன்றாமவர் கேள்விகளையும், யார் எப்போது எவ்வளவு இறங்கினார்கள் என்பதையும் மட்டும் குறிக்கட்டும். பிறகு பக்கம் மாறி மறுபடி பேசுங்கள். மாவட்ட நீதிமன்றத்தில் தேசிய மக்கள் நீதிமன்றம் (வழக்குகளைச் சமரசமாக முடிக்கும் லோக் அதாலத்) நடக்கும் நாளில் அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்து கவனிப்பதும் உதவும்.

கடைசிப் பத்து நிமிடத்தை உடன்பாட்டை எழுத ஒதுக்குங்கள். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, ஆகவே சொல்லில் ஓட்டை விழக்கூடாது. தொகையில் வட்டியும் செலவுத்தொகையும் அடங்குமா, எந்தத் தேதிக்குள் கட்டுவது, தவறினால் எத்தனை சதவீதம், குழந்தைகளின் பங்கு எந்த வைப்புநிதியில் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதியதை மூன்றாமவரிடம் கொடுங்கள். யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு தர வேண்டும் என்று அவரால் உங்களைக் கேட்காமலே சொல்ல முடியாவிட்டால், திரும்ப எழுதுங்கள்.