முன்பாதி ஊருக்கெல்லாம் கிடைக்கும், பின்பாதிதான் வண்டி: பழைய அமெரிக்க ஸ்டேஷன் வேகன் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி: 1955 ஷெவர்லே நோமாட் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன். அதே வருடத்து பெல் ஏர் செடானைவிட விலை எங்கேயோ நிற்கிறது. இரண்டு கதவு வேகனில் அப்படி என்ன இருக்கிறது?

வேகன் என்றால் கூரை கடைசிவரை நீண்டு, பின்னால் சாமான் இடமும் கதவும் உள்ள கார். நோமாடை முன்னால் நின்று பார்த்தால் ஒன்றுமில்லை. கிரில், பேனட், முன் மட்கார்டு எல்லாம் மற்ற ஷெவர்லேக்களில் இருப்பவைதான். பக்கவாட்டில் வந்து நில்லுங்கள். கதவுக்குப் பின்னால் உள்ள அகலமான தூண் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். வண்டியின் பின்முகமும் செங்குத்தாக இல்லாமல் சரிந்து இறங்கும். கூரையின் பின்பகுதியில் குறுக்கு வாட்டத்தில் வரிவரியாகப் பள்ளங்கள். பின்கதவில் செங்குத்தாக ஏழு குரோம் பட்டைகள். இவற்றின் வளைவைப் பார்த்து அமெரிக்க ரசிகர்கள் ‘வாழைப்பழம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த உருவம் 1954 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸின் மோட்டாரமா கண்காட்சிக்காகச் செய்த கார்வெட் நோமாட் என்ற மாதிரி வண்டியிலிருந்து வந்தது. அந்தக் கூரையை சாதாரண ஷெவர்லே உடம்புக்குப் பொருத்தி வரைந்தவர் கார்ல் ரென்னர். 1955 முதல் 1957 வரை மூன்று வருடத்தில் செய்த நோமாட் 22,000-க்குச் சற்று மேல், அவ்வளவுதான். பின்சக்கரத்தைச் சுற்றி முழுசாகத் திறந்த வளைவு 1955 வண்டிக்கு மட்டும். என் கண்ணுக்கு மூன்றிலும் அதுதான் லட்சணம்.

இனி காசு விஷயம். ஆலையில் பொறித்த வண்டி எண் ‘விசி55’ என்று தொடங்கினால் அது வி8 என்ற எட்டு சிலிண்டர் என்ஜின் போட்ட பெல் ஏர் வகை என்று மட்டும்தான் அர்த்தம். செடானுக்கும் அதே எழுத்துகள்தான். நோமாட்தானா என்று சொல்வது என்ஜின் அறையின் பின்சுவரில் உள்ள சின்னத் தகடு. அதில் ‘55-1064டிஎஃப்’ என்று இருக்க வேண்டும். தகட்டின் ரிவெட்டுகள் புதிதாகத் தெரிந்தால் கேள்வி கேளுங்கள்.

அழகுக்காகச் சரித்த பின்முகமே இதன் தலைவலியும். மழைத்தண்ணீர் மேல்கண்ணாடிக் கதவும் கீழ்க்கதவும் சேரும் இடுக்கில் நேராக வந்து விழும். ரப்பர் பீடிங் கொஞ்சம் அமுங்கினாலும் போதும், உள்ளே இறங்கிவிடும். சாமான் தரையைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் தரையின் ஓரங்களும் போயிருக்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால், கீழ்ப்பகுதியில், மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டிதான்.

கேள்வி: போன்டியாக் சஃபாரி அதைவிட அபூர்வமாமே? அதையே வாங்கிவிடலாமா?

அபூர்வம்தான். 1957-இல் இரண்டு கதவு சஃபாரி 1,292 மட்டும். கூரையின் வடிவம் நோமாடுடையது. ஆனால் சஃபாரி 122 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட நீண்ட வண்டி, நோமாட் 115. என்ஜின் போன்டியாக்கின் சொந்த வி8. பக்கவாட்டு எவர்சில்வர் சட்டங்கள், பின்விளக்கு, பின்கதவு அலங்காரம் எல்லாம் வேறு. நோமாடுக்கு இவற்றில் பலதைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சஃபாரிக்குத் தொலைந்த ஒரு பட்டைக்கு இன்னொரு சஃபாரியைத்தான் தேட வேண்டும். பெயின்ட் மங்கியிருந்தாலும் ஒரு துண்டும் குறையாத வண்டியை எடுங்கள். பளபளப்பாக இருந்து நாலு சட்டம் இல்லாத வண்டி வேண்டாம்.

கேள்வி: ஸ்டூடிபேக்கர் வேகனேர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. கூரை திறக்கும் என்கிறார்கள். ஒழுகும் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும். 1963 மாடலாக வந்த இந்த வண்டியின் கூரையில் பின்பாதி தனித் தகடு. முன்னோக்கித் தள்ளினால் முன்கூரையோடு போய்ப் பூட்டிக்கொள்ளும். பின்கண்ணாடியைக் கீழே இறக்கிக் கதவையும் சாய்த்துவிட்டால் ஃப்ரிட்ஜை நிற்க வைத்தே ஏற்றலாம். விளம்பரமும் அப்படித்தான் செய்தார்கள். யோசனை ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளருடையது. 1963 ஜீப் வேகனீரும் அவர் கைவேலைதான், அதனால் பெயர்க் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. நாற்பது வருடம் கழித்து ஜிஎம்சி என்வாய் எக்ஸ்யூவி என்ற வண்டி இதே வித்தையைச் செய்து பார்த்து இரண்டு வருடத்தில் கைவிட்டது.

முதலில் ஒன்று: ஒழுகல் புகாருக்குப் பிறகு திறக்காத கூரையோடும் வேகனேர் விற்றார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். கூரை நகரும் வீடியோ கேளுங்கள்.

இந்தக் கூரை தண்ணீரை முழுசாகத் தடுக்கும்படி செய்யப்பட்டதே இல்லை. ரப்பரைத் தாண்டி வருவதை ஓரத்துப் பள்ளத்தில் பிடித்து, குழாய் வழியாகக் கீழே விட வேண்டும், அதுதான் ஏற்பாடு. இலைத் தூசியில் குழாய் அடைத்தால் பள்ளம் நிரம்பி உள்ளே வழியும். நேரில் போகும்போது ஒரு டம்ளரும் ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போங்கள். கூரையைத் திறந்து, பள்ளத்தின் ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடியில் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ஊற்றிய தண்ணீர் எங்கும் வரவில்லை என்றால் அது தூணுக்குள்ளோ கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிச் சட்டத்துக்குள்ளோ தேங்குகிறது. அந்தச் சட்டத்தின் அடியை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டங்’ என்று கேட்கும் இடம் நல்லது. ‘பொத்’ என்றால் டிங்கர் வேலைக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

அடைப்பை எடுக்க கம்ப்ரஸர் காற்றை விடாதீர்கள். பழைய ரப்பர் குழாய் தூணுக்குள்ளேயே கழன்றுகொள்ளும், பிறகு உள்தட்டியைப் பிரித்தால்தான் கை எட்டும். புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலான் நரம்பை மேலிருந்து நுழைத்து, திருகித் திருகி இறக்கினால் போதும்.

கூரையை இழுத்து மூடும்போது இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வருகிறதா பாருங்கள். ஒரு பக்கம் பிந்தினால் தகடு தடத்தில் கோணியிருக்கிறது, எந்தப் பீடிங் போட்டாலும் அந்த மூலை ஒழுகும். பீடிங் மாற்றுவது கடைசி வேலை. தடத்தைச் சரி செய்வதுதான் முதலில். பலர் தலைகீழாகச் செய்து காசைக் கரைக்கிறார்கள்.

என்ஜினையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1963, 1964 மாடல்களில் ஸ்டூடிபேக்கரின் சொந்த என்ஜின். அமெரிக்காவில் சவுத் பெண்ட் ஆலை 1963 டிசம்பரில் கார் செய்வதை நிறுத்தியபின் கனடாவின் ஹாமில்டனில் செய்த 1965, 1966 வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்து என்ஜின், 283 கன அங்குல வி8 உள்பட. தினமும் ஓட்டப் பிந்தியது சுலபம். சேகரிப்பாளர்கள் கேட்பது பெரும்பாலும் முந்தியதை.

கூரை திறந்து ஓட்டும்போது பின்கதவுக் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். இறக்கினால் வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்து வரும். இது எல்லா வேகனுக்கும் பொருந்தும்.

கேள்வி: 1958 எட்செல் வேகனின் பின்விளக்கை வேறு மாதிரிக்கு மாற்றிவிடலாமா? பின்னால் வருபவர்கள் குழம்புகிறார்கள்.

குழம்பத்தான் செய்வார்கள். பூமராங் வடிவ விளக்கு அது. இடது விளக்கு மின்னும்போது தூரத்திலிருந்து வலப்பக்கம் காட்டும் அம்பு போலத் தெரியும். ஆனால் அந்த வண்டியை எட்செல் வேகன் என்று சொல்வதே அந்த விளக்குதான், வெட்டி எடுத்தால் விலையும் போகும். துளை போடாமல் பம்பர் போல்ட்டில் ஒரு இரும்புப் பட்டை வைத்து, இரண்டு சிறிய மஞ்சள் விளக்குகளைத் தனியாகப் பொருத்துங்கள். விற்கும் நாளில் கழற்றிவிடலாம்.

கேள்வி: முதல் பழைய வேகன். பியூக் கபாலெரோவா, ஓல்ட்ஸ்மொபில் விஸ்டா க்ரூஸரா?

விஸ்டா க்ரூஸர். 1964 முதல் 1972 வரை கூரையில் கண்ணாடியோடு வந்தது, அடியில் அதே ஓல்ட்ஸ்மொபிலின் கட்லஸ் காருடைய பாகங்கள், மெக்கானிக் கிடைப்பது எளிது. கூரைக் கண்ணாடியின் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா என்று மட்டும் ஏணி போட்டுப் பாருங்கள். கொப்புளம் இருந்தால் கண்ணாடியைக் கழற்றாமல் துருவை எடுக்க முடியாது.

கபாலெரோ 1957, 1958 இரண்டே வருடம். நடுத்தூண் இல்லாத நாலு கதவு வேகன். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டால் பக்கவாட்டு முழுவதும் ஒரே திறப்பு. மனசு அதில்தான் நிற்கிறது என்றால் ஒரு சோதனை: நாலு கண்ணாடியையும் ஏற்றி, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு ரூபாய் நோட்டைக் கொடுத்துக் கதவைச் சாத்தி, நோட்டை இழுங்கள். எல்லா இடத்திலும் சற்று இறுக்கமாக வர வேண்டும். தளர்ந்து வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, அந்தக் குறிகளைக் காட்டியே விலையைக் குறைத்துப் பேசுங்கள்.